வெக்னர் நாற்காலியை யார் செய்தது?

நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. டென்மார்க்கைச் சேர்ந்த மரச்சாமான் வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னர் "தன் கையாலேயே நாற்காலி செய்த தச்சர்" என்று ஒரு காணொளியில் பார்த்திருக்கிறீர்கள். முதுகில் ஆங்கில Y எழுத்து வடிவக் கட்டை உள்ள அவருடைய 'ஒய்' நாற்காலி 1950லிருந்து இன்றுவரை நிற்காமல் தயாராகிறது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். ஒருத்தர் கையால் செய்கிற பொருள் எப்படித் தொழிற்சாலையிலிருந்து வரும், இதில் எது உண்மை என்பது முதல் கேள்வி. பார்க்க அதே மாதிரி இருக்கிற ஒன்று பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறதே, வாங்கலாமா என்பது இரண்டாவது. இரண்டும் தனித்தனிக் கேள்வி போலத் தெரிந்தாலும் என் கண்ணுக்கு ஒரே கேள்விதான்: இந்த நாற்காலியில் கை வேலை எங்கே இருக்கிறது?

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருடமாக மரச்சாமான் பட்டறை வைத்திருக்கிறேன். முதலில் ஓர் ஆசாரியிடம் வேலை கற்றேன், அப்புறம்தான் கல்லூரியில் வடிவமைப்பு படித்தேன். வெக்னர் வரைந்த நாற்காலிகள் நாலைந்து என்னிடம் பழுதுபார்க்க வந்திருக்கின்றன. அவற்றின் நகல்கள் அதைவிட நிறைய வந்திருக்கின்றன. டென்மார்க்குக்கு நான் போனதில்லை. வாழ்க்கை விவரங்கள் படித்துத் தெரிந்துகொண்டவை, மரவேலை விவரங்கள் கைப்பழக்கத்தில் தெரிந்துகொண்டவை.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: அவர் முறையாகப் பயின்ற தச்சர் என்பது உண்மை. நீங்கள் கடையில் பார்க்கும் எந்த நாற்காலியையும் அவர் செய்யவில்லை என்பதும் உண்மை. 1950களின் அசலாகவே இருந்தாலும் அது வேறு யாரோ செய்ததுதான். காணொளிக்காரர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு கதை கட்டிவிடுகிறார்கள்.

வெக்னர் 1914 ஏப்ரல் 2ஆம் தேதி டோண்டர் என்ற சிற்றூரில் பிறந்தார். டென்மார்க்கின் தெற்கு எல்லையில் இருக்கிற ஊர் அது. அப்போது அது ஜெர்மனியின் ஆட்சியில் இருந்தது. 1920ல் வாக்கெடுப்பு நடந்த பிறகுதான் டென்மார்க்கோடு திரும்பச் சேர்ந்தது. டேனிஷ் வடிவமைப்புக்கே அடையாளமாகக் காட்டப்படுகிறவர் பிறந்த அன்று அந்த ஊர் டென்மார்க்கிலேயே இல்லை! அப்பா செருப்புத் தைப்பவர். பையன் 14 வயதில் அதே ஊரில் ஸ்டால்பெர்க் என்ற தச்சரிடம் வேலைக்குச் சேர்ந்தான். 17 வயதில் தேர்ந்த தச்சனாகி, இன்னும் சில வருடம் அங்கேயே வேலை பார்த்துவிட்டு, ராணுவப் பணிக்காக 20 வயதில் கோபன்ஹேகன் வந்தான். அங்கே 1936லிருந்து 1938 வரை கைவினைக் கலைப் பள்ளியில் படித்தார். படிப்பை முழுதாக முடிக்கும் முன்பே வேலை வந்துவிட்டது. ஆர்னே யாகோப்சென், எரிக் மோல்லர் என்ற கட்டடக் கலைஞர்கள் ஆர்ஹூஸ் நகர மண்டபத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கான மேசை நாற்காலிகளை வரையும் பொறுப்பு இவருக்கு வந்தது. 1943ல் அதே ஊரில் சொந்த அலுவலகம் தொடங்கினார், 1946ல் கோபன்ஹேகனுக்குத் திரும்பினார். இந்தத் தேதிகளை நீங்கள் எங்கேயும் பார்க்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வரிசை: முதலில் உளி, அப்புறம் பென்சில்.

அந்த வரிசை ஏன் முக்கியம் என்று புரிய அன்றைய டென்மார்க்கில் இருந்த ஓர் ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். கோபன்ஹேகன் தச்சர் சங்கம் 1927லிருந்து 1966 வரை ஒவ்வொரு வருடமும் ஒரு கண்காட்சி நடத்தியது. தொழிற்சாலைச் சாமான்கள் மலிவாக வந்து பிழைப்பைக் கெடுக்கும் என்ற பயத்தில் தொடங்கியதுதான் அது. தச்சர்களும் வடிவமைப்பாளர்களும் ஜோடி சேர்ந்து புதுச் சாமான்களைச் செய்து அங்கே வைப்பார்கள். வடிவமைப்பாளர் வரைவார், தச்சர் செய்வார், ஊர் கூடி வந்து பார்த்து விமர்சிக்கும். வெக்னரின் ஜோடி யொஹான்னெஸ் ஹான்சென் என்ற பட்டறை முதலாளி. அந்தப் பட்டறையில் நில்ஸ் தாம்சென் என்றொரு மேஸ்திரி இருந்தார். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எந்தக் காணொளியிலும் சொல்ல மாட்டார்கள். வெக்னரின் நல்ல நாற்காலிகள் பலவற்றை முதன்முதலில் மரத்தில் கொண்டுவந்ததில் அவருடைய கைக்குப் பெரிய பங்கு உண்டு.

1949 கண்காட்சிக்கு அவர்கள் கொண்டுபோனதில் ஒன்று வட்ட நாற்காலி, பட்டறைக் கணக்கில் ஜேஎச் 501. கை வைக்கும் இடமும் முதுகு சாயும் இடமும் பிரிவில்லாமல் ஒரே வளைவாகச் சுற்றிவரும். கைப்பிடியில் படுக்கையாக இருக்கிற மரம் முதுகுக்குப் போகும்போது மெல்லத் திரும்பி நிமிர்ந்துகொள்ளும். படத்தில் பார்த்தால் சாதுவாக இருக்கும். தச்சு வேலை தெரிந்தவருக்கு உடனே ஒரு கேள்வி வரும்: இந்த வளைவை எந்தப் பலகையிலிருந்து அறுத்தாய்? ஒரே பலகையில் அரைவட்டம் அறுத்தால் ஏதாவது ஓர் இடத்தில் மரத்தின் ரேகை குறுக்காக ஓடும். அந்த இடத்தில் கையை ஊன்றி எழுந்தால் பிளந்துகொள்ளும். அதனால் மூன்று துண்டாக அறுத்து, ஒவ்வொரு துண்டிலும் ரேகை வளைவோடு போகிற மாதிரி பார்த்துச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் மூட்டு வெளியே தெரியும். முதல் வருடம் வெக்னர் அந்த மூட்டை மறைக்க முதுகுப் பகுதி முழுக்கப் பிரம்பு சுற்றிவிட்டார். மறு வருடம், 1950ல், பிரம்பைக் கழற்றிவிட்டார். இரண்டு கை விரல்களையும் கோத்துக்கொண்ட மாதிரி பல் பல்லாக வெட்டிய மூட்டைப் போட்டு, அது எல்லார் கண்ணிலும் படும்படி விட்டுவிட்டார். இப்போது அந்த நாற்காலிக்கு அழகே அந்த மூட்டுதான் என்கிறார்கள். மறைக்க வேண்டியதாக இருந்த ஒன்றைக் காட்டலாம் என்ற துணிச்சல், மூட்டு எவ்வளவு சுத்தமாக வரும் என்று தெரிந்தவருக்குத்தான் வரும். நான் முதன்முதலில் அதைத் தடவிப் பார்த்தபோது விரலுக்கு மூட்டே தட்டுப்படவில்லை, கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது.

சரி, அப்படியானால் வெக்னரின் சொந்தக் கை எங்கே? மாதிரிகளில். அவர் ஐந்தில் ஒரு பங்கு அளவில் மரத்திலேயே சின்ன நாற்காலிகளைச் செய்து பார்ப்பார். பொம்மை மாதிரி இருந்தாலும் மூட்டு, வளைவு எல்லாம் உண்மையானவை. அப்புறம் முழு அளவில் வரைவார். முன்பக்கம், பக்கவாட்டு, மேலிருந்து பார்ப்பது மூன்றையும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக வரைவார். பழகாதவருக்குச் சிலந்தி வலை போலத் தெரியும். தச்சருக்கு அந்தத் தாள் ஒன்றே போதும், அளவுகோலைக்கூடத் தேடாமல் தாளிலிருந்தே அச்சு எடுத்துவிடலாம். எங்கே எவ்வளவு மரம் மீதி வைக்க வேண்டும், கழுந்து (இன்னொரு மரத்தின் துளைக்குள் நுழையும் நாக்கு) எவ்வளவு ஆழம் போக வேண்டும், எந்த இடத்தில் இழைப்புளி நுழையாது என்பதெல்லாம் அந்தக் கோட்டிலேயே முடிவாகியிருக்கும். கணினியில் நாற்காலி வரைந்துவிட்டு, அதைச் செய்யவே முடியாது என்று தச்சர் சொன்னதும் கோபப்படுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வெக்னர் அந்தச் சண்டையைத் தனக்குள்ளேயே, மாதிரி செய்யும்போதே போட்டு முடித்துவிடுவார். "கையால் செய்தவர்" என்பதற்கு நியாயமான அர்த்தம் இவ்வளவுதான் என்பது என் கருத்து.

இனி தொழிற்சாலை. ஒய் நாற்காலி யொஹான்னெஸ் ஹான்சென் பட்டறைக்காக வரைந்தது இல்லை. ஓடென்ஸ ஊரில் இருந்த கார்ல் ஹான்சென் & சொன் என்ற தொழிற்சாலைக்காக 1949ல் வரைந்தது, மறு வருடம் உற்பத்திக்கு வந்தது. இரண்டு ஹான்செனும் வேறு வேறு ஆட்கள், பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இதன் எண் சிஎச் 24. இதன் மூதாதை சீனாவில் இருக்கிறது. மிங் காலத்து நாற்காலிகளைப் பார்த்து 1943லிருந்து வெக்னர் சில சீன நாற்காலிகளை வரைந்தார். அவற்றிலிருந்து ஒவ்வொன்றாகக் குறைத்துக் குறைத்து வந்து நின்ற இடம் இது. இயந்திரம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்ற கணக்கு இதில் முழுக்க முழுக்க இருக்கிறது. பின்னங்காலைப் பாருங்கள். மேலே போகப் போக உள்ளேயும் முன்னேயும் வளைந்து போகிற மாதிரி, நீராவியில் முறுக்கி எடுத்த மாதிரி தெரியும். உண்மையில் அது தட்டையான பலகையிலிருந்து அறுத்த கால்தான். அறுத்த பிறகு உருட்டிவிட்டு, சட்டத்தில் சற்றே கோணலாகப் பொருத்துவதால் கண்ணுக்கு அப்படி ஒரு முறுக்கு தெரிகிறது. அறுப்பதும் உருட்டுவதும் இயந்திரம் சலிக்காமல் செய்யும் வேலை. மேலே இருக்கிற அரைவட்டம் மட்டும் நீராவியில் வளைத்தது. அது தனியாக நின்றால் ஆடும். அதைப் பிடித்து நிறுத்தத்தான் நடுவில் அந்த ஒய். அலங்காரத்துக்காக வைத்தது என்று நினைத்திருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள், அது முட்டுக்கொடுக்கிற கட்டை.

இருக்கை வேலை இன்றும் கையால்தான். முறுக்கிய காகிதக் கயிறு, ஒரு நாற்காலிக்கு ஏறக்குறைய 120 மீட்டர். காகிதம் என்றதும் சிரிக்காதீர்கள். போர்க்காலத்தில் கடற்புல் கயிறு கிடைக்காமல் போனபோது டென்மார்க்கில் மாற்றாக வந்தது அது, தேய்வதற்கு வருடக்கணக்காகும். பழகிய ஆள் ஒரு மணி நேரத்தில் பின்னி முடிப்பார் என்று அந்த நிறுவனம் சொல்கிறது. நான் முதல் முறை பின்னியபோது இரண்டு நாள் ஆயிற்று, விரல் நுனி தோலும் போயிற்று. நாலு மூலையிலிருந்தும் உள்ளே வரும் பின்னலில் இழுப்பு ஒரே சீராக இருக்க வேண்டும். ஒரு சுற்று தளர்ந்தால் நடுவில் சேரும் கோடு பாம்பு மாதிரி நெளியும். நம் ஊர்க் கயிற்றுக் கட்டில் பின்னுகிறவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். மொத்தத்தில் இந்த நாற்காலிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட வேலைப் படிகள் என்பது நிறுவனக் கணக்கு. பிரித்துப் பார்த்தவன் என்ற முறையில் அதை நம்புகிறேன்.

இப்போது சந்தேகத்துக்குரியவை. 1960 செப்டம்பர் 26 அன்று சிகாகோ தொலைக்காட்சி நிலையத்தில் கென்னடியும் நிக்சனும் விவாதித்தபோது மேடையில் இருந்தது வட்ட நாற்காலிதான். படமே இருக்கிறது, சந்தேகம் வேண்டாம். கென்னடிக்கு முதுகுவலி என்பதால் அவருக்காகவே வரவழைத்தார்கள் என்று சேர்த்துச் சொல்வார்களே, அதை நான் கதைப் பட்டியலில் வைக்கிறேன். நிக்சனும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்தார், அவர் முதுகு யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. இன்னொன்று: அமெரிக்காவில் ஒரு கிளப் நானூறு வட்ட நாற்காலி கேட்டதாகவும், ஹான்சென் பட்டறை திகைத்துப் போனதாகவும் ஒரு கதை. எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் 1950ல் ஓர் அமெரிக்க உள்ளலங்காரப் பத்திரிகை எழுதிய பிறகு அங்கிருந்து தேவை பெருகியது என்பதும், சின்னப் பட்டறைக்கு அது பெரிய சுமை என்பதும் சரிதான். அவர் மொத்தம் 500 நாற்காலி வரைந்தார் என்பதையும் கொஞ்சம் சந்தேகத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள். அத்தனை மாதிரிகள் இருந்தது உண்மை. ஆனால் ஒரே நாற்காலியின் தோல் இருக்கையையும் பிரம்பு இருக்கையையும் ஒன்றாகக் கணக்கிடுவதா இரண்டாகவா என்பதைப் பொறுத்து எண் கூடும், குறையும். அவற்றில் நூற்றுச் சொச்சம்தான் பெரிய அளவில் உற்பத்திக்குப் போயின.

விற்பனைக்கு 1951ல் வேறொரு வழி கண்டார்கள். சலெஸ்கோ என்ற பெயரில் ஐந்து தயாரிப்பாளர்கள் சேர்ந்து வெக்னரின் சாமான்களை ஒன்றாக விற்றார்கள். ஒருவர் நாற்காலி, ஒருவர் மேசை, ஒருவர் அலமாரி, ஒருவர் கட்டில், ஒருவர் மெத்தை வைத்த சாமான். யாரும் யார் வேலையிலும் குறுக்கிடவில்லை. கைவினை மேதை என்ற படத்துக்குள் இந்த வியாபார மூளை அடங்காது என்பதால் இதையும் யாரும் சொல்வதில்லை. சொல்லப்போனால் அவர் முழு மரத்தோடு மட்டும் நின்றுவிடவும் இல்லை. 1963ல் ஒட்டுப்பலகையை வளைத்து மூன்று கால் 'ஓட்டு' (ஷெல்) நாற்காலி செய்தார். அப்போது சரியாகப் போகவில்லை. 1998ல் மறுபடி வெளியிட்ட பிறகுதான் பெயர் வாங்கியது. எஃகுச் சட்டத்தில் கொடியேற்றும் கயிற்றைச் சுற்றிய நாற்காலியும் அவருடையதுதான், 1950ல் செய்தது.

எனக்குப் பிடித்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்காவிட்டாலும். 1953ல் வந்த உடை நாற்காலி. சட்டையைத் தொங்கவிட முதுகே ஹேங்கர் மாதிரி இருக்கும். இருக்கைப் பலகையைத் தூக்கி நிறுத்தினால் விளிம்பில் பேண்ட்டைப் போடலாம், அடியில் இருக்கும் குழியில் சாவி, சில்லறை. முதலில் நாலு காலோடு செய்தார். ராஜா ஒன்பதாம் ஃபிரெடெரிக்குக்குப் பிடித்துப்போய் வேண்டும் என்றாராம். வெக்னருக்கோ திருப்தி இல்லை. ஒரு காலைக் குறைத்து மூன்று காலாக்கிய பிறகுதான் கொடுத்தாராம். ராஜாவைக் காக்கவைத்த பகுதி கதையாகவே இருக்கட்டும், மூன்று கால் நம் கண்முன் இருக்கிறது. நிறைய வசதிகளை ஒரே பொருளில் திணித்தால் பொதுவாக அசிங்கமாகத்தான் வரும், இதில் வரவில்லை.

பட்டறைகளின் கதை சோகமாகவும் இருக்கிறது, இல்லாமலும் இருக்கிறது. தச்சர் சங்கக் கண்காட்சி 1966ல் நின்றது. யொஹான்னெஸ் ஹான்சென் பட்டறை 1990களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. அங்கே செய்துவந்த நாற்காலிகளைப் பிபி மொப்லர் எடுத்துக்கொண்டது. 1953ல் இரண்டு சகோதரர்கள் அலெரோட் ஊரில் தொடங்கிய பட்டறை அது. இன்று அங்கே வட்ட நாற்காலியின் முதுகைக் கணினி இயந்திரம்தான் முரட்டு உருவமாகக் குடைந்து கொடுக்கிறது. கடைசி வளைவை ஆட்கள் கையால் செதுக்கி, உப்புத்தாள் போட்டு முடிக்கிறார்கள். இதைக் கேட்டு நண்பர் ஒருவர் "அப்போ அது போலிதானே?" என்றார். இல்லை. எலும்பு வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, தோல் வேலையைக் கையில் வைத்துக்கொள்வது வெக்னர் உயிரோடு இருந்தபோதே நடந்த பங்கீடு. அவர் 2007 ஜனவரி 26 அன்று 92 வயதில் இறந்தார். 1986ல், எழுபதைத் தாண்டிய பிறகும், முழு வட்டமாக மரத்தை வளைத்த ஒரு நாற்காலியை அதே பிபி மொப்லருக்கு வரைந்து கொடுத்திருக்கிறார். பிறந்த ஊரில் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தை 1995ல் அவருக்கான அருங்காட்சியகமாக்கி, 37 நாற்காலிகளை வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய படத்தை வைத்து அசலா நகலா என்று சொல்ல மாட்டேன், யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கவிழ்த்துப் பார்க்க வேண்டும். பழைய அசல்களில் சட்டத்தின் அடியில் சுட்டு வைத்த முத்திரை இருக்கும், புதியவற்றில் நிறுவனத் தகடோ ஒட்டோ இருக்கும். அதையும் போலியாக வைக்க முடியும் என்பதால் அது ஒன்றே போதாது. மேல் வளைவின் ரேகையைப் பின்தொடருங்கள். என்னிடம் வந்த நகல்களில் பாதிக்கு மேல் துண்டு துண்டாக ஒட்டிக் கறுப்புச் சாயம் பூசியவை. மூட்டுக்குப் பக்கத்தில் பசை வழிந்து காய்ந்த தழும்பு இருக்கிறதா பாருங்கள். பின்னங்காலுக்கும் இருக்கைச் சட்டத்துக்கும் நடுவில் ஆட்டிப் பாருங்கள். மலிவான நகல் முதலில் விட்டுக்கொடுப்பது அங்கேதான். கழுந்து குட்டையாக இருக்கும், சிலவற்றில் கழுந்தே இல்லாமல் இரண்டு மரக் குச்சிகளை வைத்துச் சமாளித்திருப்பார்கள்.

நகல் வாங்குவது சட்டப்படி சரியா என்றால், அது நாட்டுக்கு நாடு மாறும், நான் வக்கீல் இல்லை. பிரிட்டனில் 2016ல் சட்டத்தை மாற்றும்வரை இப்படிப்பட்ட நகல்களை வெளிப்படையாகவே விற்றார்கள். ஜப்பானில் 2011ல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு ஒய் நாற்காலியின் உருவத்தையே வணிகச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. பணத்தைப் பொறுத்தவரை என் யோசனை இது: அசலுக்கு வசதி இல்லை என்றால் நகலுக்கும் போகாதீர்கள். அந்தப் பணத்தில் நல்ல ஆசாரியிடம் உங்கள் வீட்டுக்கு ஏற்ற ஒரு நாற்காலியை நல்ல கழுந்தோடு செய்யச் சொல்லலாம். அது ஒய் மாதிரி இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஏற்கெனவே ஒன்று வாங்கிவிட்டீர்கள், காகிதக் கயிறு உண்மையானதுதான் என்றால், ஈரத் துணியை ஊறவிட்டுத் துடைக்காதீர்கள், வெயிலில் காயவைக்காதீர்கள். குழந்தை பால் கொட்டினால் உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். கயிறு அறுந்தால் ஒட்டுப்போட முயலாதீர்கள். மொத்தத்தையும் அவிழ்த்துப் புதிதாகப் பின்னலாம், மரம் அப்படியே இருக்கும். பின்னிக் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை என்றால் கேளுங்கள், இப்போதெல்லாம் எனக்கு இரண்டு நாள் ஆவதில்லை.